மலையேறிய ஆண்டவர்

ராகலை ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, புரூக்சைட் வழியாக பஸ்ஸில் வரவேண்டும். எந்த மேட்டில் ஏறி நின்றாலும் தேயிலையும் டர்பன்டைன் மரமும் மரக்கறித் தோட்டமும்தான் தெரியும், அதுவும் பனி விட்டால். வெள்ளைக்காரன் காலத்தில் நானுஓயாவிலிருந்து சின்னக் கோச்சி ஒன்று இங்கே வரை வந்தது. 1904இல் வந்த அந்த ஒடுங்கிய ரயில்பாதை நாற்பதுகளோடு போய்விட்டது. கடல் இங்கிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டால் பாதிப் பேருக்குக் கை நீட்டிக் காட்டத் தெரியாது.

அப்படிப்பட்ட இடத்தில், எங்கள் தோட்டத்து மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், மூழ்கும் கப்பலைக் காப்பாற்றும் ஒரு முஸ்லிம் பெரியவருக்குக் கம்பம் நட்டுப் பச்சைக் கொடி ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் மாரியம்மனுக்குக் கரகம் எடுத்த அதே ஆட்கள். எங்கள் அப்பாயி அவரை 'நாகூர் ஆண்டவர்' என்று சொல்லும். பயம் வந்தால் 'எசமானே' என்று கூப்பிடும். அவருடைய பெயர் சாகுல் ஹமீது என்பது அதற்குக் கடைசி வரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதற்கு வந்ததில்லை.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சரித்திரம் முறையாகப் படித்தவனில்லை. ஆனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கடிதம் போகிறது என்று நெடுங்காலம் முத்திரை குத்திப் பார்த்தவனுக்கு, மனுசர் வந்த வழியும் அவர்களோடு சாமிகள் வந்த வழியும் கொஞ்சம் பிடிபடும். கடலே இல்லாத மலையில் கடல் ஆண்டவருக்கு என்ன வேலை என்ற கேள்வி என்னோடு வெகுகாலமாக இருக்கிறது. எனக்குக் கிடைத்த பதிலைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. சாகுல் ஹமீது பிறந்தது வடக்கே, இன்றைய உத்தரப் பிரதேசத்து மாணிக்கப்பூரில். முகைதீன் அப்துல் காதிர் ஜீலானியின் வழித்தோன்றல் என்பது மரபு. குவாலியரில் முகம்மது கௌஸ் என்ற பெரிய சூஃபியிடம் சீடராக இருந்தார். மக்காவுக்குப் போய், பல ஊர் சுற்றி, சோழ மண்டலக் கரைக்கு வந்து நாகூரில் தங்கினார். வாஞ்சூரில் நிலத்துக்குள் நாற்பது நாள் தனித்திருந்ததையும் சில்லடிக் கடற்கரையில் தவம் இருந்ததையும் அங்கே இன்றும் இடம் காட்டிச் சொல்வார்கள். ஹிஜ்ரி 978இல், அதாவது 1570இல் மறைந்தார். வளர்ப்பு மகன் யூசுபும் அவருடைய மனைவியும் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள்.

இனி கதைகள். தஞ்சாவூரை ஆண்ட அச்சுதப்ப நாயக்கருக்குத் தீராத நோவு. மருத்துவம் எடுபடவில்லை. ஆண்டவர் அரண்மனையைத் தேடச் சொல்கிறார். உடம்பெல்லாம் ஊசி குத்திய ஒரு புறா அகப்படுகிறது, யாரோ வைத்த சூனியம். ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கப் பிடுங்க அரசனுக்கு நோவு குறைகிறது. தர்கா இருக்கும் நிலம் அந்த நன்றியில் கிடைத்தது என்பார்கள். இன்றும் நாகூரில் புறா பறக்கவிடுவது நேர்த்திக்கடன்.

இன்னொன்று கப்பல் கதை. நடுக்கடலில் ஓட்டை விழுந்து ஒரு ஒல்லாந்துக் கப்பல் மூழ்குகிறது. மாலுமிகள் அலறுகிறார்கள். கரையில் சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டவர் கையிலிருந்த கண்ணாடியை வீசுகிறார். அது பறந்துபோய் ஓட்டையை அடைத்துவிடுகிறது. எனக்குப் பிடித்த கதை இது. ஆனால் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658இல். அதற்குள் ஆண்டவர் மறைந்து எண்பத்தெட்டு வருசம். அதனால் கதை பொய் என்று நான் சொல்லவரவில்லை. யாருக்கு இந்தக் கதை தேவைப்பட்டது என்பதை அந்த ஒல்லாந்துக் கப்பல் காட்டிக்கொடுக்கிறது. நாகூர் மரைக்காயர்களின் கப்பல்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சுமத்திராவுக்கும் துணி ஏற்றிப் போன காலத்தில், கப்பல் திரும்பி வருமா என்று கரையில் காத்திருந்தவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை அது. ஆண்டவர் கடலுக்கு எசமான் ஆனது அந்தக் கரையில்தான்.

அந்தக் கரையில் இந்து, முஸ்லிம் என்று பிரித்து வைக்க இடம் இருக்கவில்லை. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராத்திய அரசர் பிரதாப் சிங். ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினான்கு நாள் நடக்கும் கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் போகும்போது கப்பல் வடிவத்தில் ரதம் ஒன்று கூடவே போகும். சந்தனக்கூடு அன்று சந்தனத்துக்காகக் கை நீட்டுபவர்களில் யார் எந்த மதம் என்று கணக்கெடுக்க முடியாது. மொட்டை அடிப்பார்கள், கை, கால், கண், படகு என்று வெள்ளித் தகடு வாங்கிப் போடுவார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காசவளநாடு புதூர் என்ற கிராமத்தில் இன்றைக்கும் இந்துக்கள்தான் முகர்ரத்தில் 'அல்லா சாமி' எடுத்துத் தீ மிதிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பலர் அந்தச் சீமைக்காரர்கள். வரும்போது வெறுங்கையோடு வந்திருக்கலாம். சாமி இல்லாமல் வரவில்லை.

ஒரு விசயத்தை இங்கே நேராகச் சொல்ல வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த சனத்தில் மிகப் பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர் என்று கங்காணி சேர்த்த கூட்டம் தொண்டிக்கோ இராமேஸ்வரம் கரைக்கோ நடந்தது. அங்கிருந்து தோணியில் மன்னார், மன்னாரிலிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை. வழி நெடுக வாந்திபேதியும் காய்ச்சலும். விழுந்தவர்களை விட்டுவிட்டு நடந்த கதைகளை எல்லாத் தோட்டத்திலும் கேட்கலாம். 1864இல் 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் மூழ்கி 120 பேர் மாண்டதை மலையக வரலாறு எழுதியவர்கள் மறக்காமல் குறிப்பிடுவார்கள். 1914இல் தலைமன்னார் வரை கோச்சியும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. அதன்பிறகும் மண்டபம் முகாமில் மருந்து அடித்து, நாள் கணக்கில் அடைத்துவைத்துத்தான் அனுப்பினார்கள்.

அப்பாயியின் அப்பனும் ஆத்தாளும் மன்னார்குடிப் பக்கம். சமுத்திரத்தை முன்பின் பார்க்காத வயல்காட்டுச் சனம். தோணியில் ஏறும்போது அந்தப் பாட்டி ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாளாம். பாய் காற்றில் அடித்துக்கொள்ள, கைப்பிள்ளை வாந்தி எடுக்க, மாரியம்மாவைக் கூப்பிடாமல் ஏன் ஆண்டவரைக் கூப்பிட்டாள் என்று நான் சின்ன வயதில் அப்பாயியிடம் கேட்டேன்.

"மாரியாத்தா ஊருக்குள்ள இருக்குறவ. தண்ணிக்கு அவருதானடா" என்றது அப்பாயி.

எனக்குத் தெரிந்து இந்தப் பக்தியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை. இன்னின்ன ஆபத்துக்கு இன்னின்ன சாமி. அம்மைக்கு மாரி, எல்லைக்கு முனி, தண்ணிக்கு நாகூரார். அவர் தொழுதது எந்தத் திசை பார்த்து என்பது அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

தோட்டத்துச் சனம் இந்தக் கணக்கில் எவ்வளவு கறாராக இருந்தது என்பதற்கு இங்கேயே சாட்சி உண்டு. ஊரில் இல்லாத ஆபத்து மலையில் வந்தபோது புதுச் சாமியை உண்டாக்கிக்கொண்டார்கள். தேயிலை ஸ்டோரில் ரோதை சுற்றுகிறது, கை அகப்பட்டால் போச்சு, ஆகவே ரோதைமுனி. கவ்வாத்துக் கத்தி தவறினால் கால் போகும், ஆகவே கவ்வாத்துச்சாமி. வெட்டு நாளில் மரத்தடிக் கல்லுக்குக் கோழி அறுக்காமல் கத்தியைத் தொடமாட்டார்கள். இந்தச் சாமிகள் இந்தியாவில் எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் கடலுக்கென்று ஒருவரைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே இருந்தார்.

கடலுக்கு நாகூராரைக் கும்பிடுவது எங்கள் மலைக்கு மட்டும் உரிய வழக்கமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். பிரெஞ்சுக்காரர் தங்கள் தீவுகளில் 1848இல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடினார்கள். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றினார்கள். காரைக்காலிலிருந்து வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். மினாராவைப் பார்த்துக்கொண்டே கப்பல் ஏறியிருப்பார்கள். மர்த்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. மாதக்கணக்கில் கடல். இன்று அந்தப் பேரர்களின் பேரர்களுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் மாரியம்மன், மதுரைவீரன் கோயில்களுக்குப் பக்கத்தில் ஒரு கம்பமும் கொடியும் நாகூர் மீராவுக்கு இருக்கிறது. இந்து சமுத்திரத்து ரீயூனியன் தீவிலும் அதே கம்பம், பெயர் மட்டும் 'நர்குலான்' என்று மருவியிருக்கிறது. கும்பிடுகிறவர்கள் இந்துக்கள். கேட்டால், நம் முன்னோரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்த சாமி என்பார்கள். ரீயூனியனுக்கும் ராகலைக்கும் யாரும் கடிதம் போட்டுப் பேசிக்கொள்ளவில்லை. அங்கேயும் இங்கேயும் தோட்டத்துச் சனம் தனித்தனியாகக் கம்பம் நட்டது.

கப்பல் வியாபாரம் போன திசையிலும் இதே தடம். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828–30இல் சோழ மண்டலக் கரை முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. அன்றைக்கு அந்தத் தெருதான் கடற்கரை. இறங்கியதும் நன்றி சொல்ல வசதி. பினாங்கிலும் ஒன்று உண்டு. எங்கள் நாட்டில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி பேர்போனது. அங்கே ஆண்டவர் அடங்கியிருக்கவில்லை, நாகூர் கந்தூரியை ஒட்டிக் கொடியேற்றம்தான் விழா. அடக்கம் இல்லாத இடத்தில் கொடியே ஆண்டவர். மேல்கணக்குக் கம்பத்தையும் அப்படித்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கம்பத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். டர்பன்டைன் மரத்தை உரித்து நட்டது. மாரியம்மன் கோயிலுக்கு மேலே, பீலிக்கரைக்குப் போகும் பாதை ஓரம். அடியில் மூன்று கல் கூட்டிய மாடம், அதற்குள் மண் விளக்கு. சிலை இல்லை, படம் இல்லை. ராகலை பசாரில் கடை வைத்திருந்த ஒரு நானா, வருசா வருசம் பிறை பார்த்து நாள் சொல்லி அனுப்புவார். அன்றைக்கு அரைநாள் பேருக்கு வேலை செய்துவிட்டு வருவார்கள். பச்சைத் துணியில் பிறை வெட்டித் தைப்பது எங்கள் லயத்துத் தையல்காரர். அவர் பழனிக்கு மாலை போட்டவர். பசாரிலிருந்து லெப்பை வந்து பாத்தியா ஓதுவார். சீனியும் வாழைப்பழமும் பொட்டுக்கடலையும் சுளகில் வைத்து ஓதி, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். சேவலை லெப்பைதான் அறுக்க வேண்டும், எங்கள் ஆட்கள் தொடக்கூடாது. அதில் யாருக்கும் மனவருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவரவர் சாமிக்கு அவரவர் பக்குவம். முனிக்குச் சாராயம் வைக்கிற கை ஆண்டவர் மாடத்துக்கு வரும்போது குளித்துவிட்டு வரும். அன்று மேல்கணக்கில் பன்றி இறைச்சி சமைக்கமாட்டார்கள்.

நானா அதிராம்பட்டினத்துக்காரர். மலைநாட்டுப் பசார்களில் அன்றைக்கு அப்படிப்பட்டவர்கள் நிறைய. கீழக்கரை, தொண்டி, காயல்பட்டினம் என்று அக்கரையிலிருந்து வந்து கடை போட்டவர்கள். சம்பளத்துக்குச் சம்பளம் கடன் கொடுத்து எழுதிவைப்பார்கள். அந்தக் கடன் கொப்பியால் நொந்தவர்களும் உண்டு. அதை மறைத்து நானாமாரைப் புனிதர் ஆக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆண்டவர் காசு அந்தக் கொப்பியில் ஏறியதில்லை. காணிக்கை முடிந்த துணியைக் கடையில் கொடுப்பார்கள். நானாவோ அவருடைய மச்சானோ ஊருக்குப் போகும்போது அது நாகூர் உண்டியலுக்குப் போகும்.

"கணக்குல புடிச்சுராதீங்க நானா" என்று அப்பாயி ஒவ்வொரு தடவையும் சொல்லும்.

"ஆண்டவர் காசுல கைய வச்சா நான் எப்புடி ஆத்தா தோணி ஏறி ஊருக்குப் போறது?" என்பார் அவர்.

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் கடல் ஒன்றுதான். கூலிக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் போக்குவரத்து ஒரே கப்பலில், ஒரே பயத்தோடு. அவர் வீட்டில் மவ்லூது ஓதினார், இவர்கள் மேட்டில் விளக்கு வைத்தார்கள். எசமான் ஒருவர்தான்.

அவ்வப்போது பாவாமார் வருவார்கள். பச்சைத் தலைப்பாகை, மயிலிறகுக் கட்டு, கையில் தாயிரா, தோளில் சாம்பிராணிச் சட்டி. லயத்து வாசல் ஒவ்வொன்றிலும் புகை காட்டி, தலையில் மயிலிறகால் தட்டிவிட்டுப் போவார்கள். சம்பள நாளைச் சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று கணக்கப்பிள்ளை முணுமுணுப்பார். அவர் வீட்டிலும் புகை காட்டாமல் அனுப்பியதில்லை. பிள்ளை இரவில் வீறிட்டு அழுதால் லெப்பையிடம் நூல் ஓதிக் கட்டுவதும், தண்ணீர் ஓதி வாங்கிவருவதும் எங்களுக்கு டிஸ்பென்சரிக்குப் போவதைப் போல ஒரு காரியம். பெயர்களிலும் இது இருந்தது. நான் முத்திரை குத்திய கடிதங்களில் நாகூரான், பக்கிரிசாமி, மஸ்தான் என்ற பெயர்கள் சாதாரணம். எல்லாரும் திருநீறு பூசியவர்கள்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சனம் நாடற்ற சனம் ஆனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பிறகு 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். அதே காலத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் வியாபார உரிமச் சிக்கலும் சேர்ந்து அக்கரை நானாமாரையும் கடையைக் கட்டவைத்தன. அதிராம்பட்டினத்து நானா ஒருநாள் கடையை இன்னொருவர் கைக்கு மாற்றிவிட்டுப் போனார். எங்கள் மேல்கணக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக, இந்தியா போகிறவர்களை ஏற்றிய அழுகைக் கோச்சியில் ஏறினார்கள். கொடி தைத்த தையல்காரரும் அதில் போனார்.

நான் தபால் சேவையில் சேர்ந்தது எழுபதுகளில், அந்தக் கோச்சிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த காலம். மண்டபம் முகாம், கூடலூர், கோத்தகிரி என்று அக்கரை முகவரிகளோடு நீலநிறக் கடிதங்கள் வரத் தொடங்கின. எழுத்துத் தெரியாதவர்கள் கவுண்டருக்கு வந்து என்னையே வாசிக்கச் சொல்வார்கள். வேலை இல்லை, கொடுத்த கடன் வீடு கட்டப் போதவில்லை, இங்கே நம்மைச் சிலோன்காரன் என்கிறார்கள் என்று இருக்கும். சில உறைகளில் மடித்த கடதாசிக்குள் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டிருக்கும். போன சனம் இறங்கிய சூட்டோடு நாகூருக்குப் போய், பாட்டன் காலத்து நேர்த்தியைத் தீர்த்துவிட்டு, சந்தனத்தில் ஒரு துளியை இருந்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறது. கூலியாக வந்த குடும்பம் மூன்று தலைமுறை கழித்து அந்தக் கடனை அடைத்தது. வாங்கியவர்கள் என் கவுண்டர் முன்னாலேயே நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். விதிப்படி உறைக்குள் அப்படிப் பொருள் வைக்கக்கூடாது. நான் எதையும் பார்க்கவில்லை.

எண்பதுகளில் அந்தச் சந்தனம் வருவது குறைந்தது. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. யுத்தம். மேல்கணக்குக் கம்பம் அடியில் உழுத்து ஒரு மழைக்காலத்தில் சாய்ந்தது. யாரும் மறுபடி நடவில்லை. வெட்டி வீழ்த்தினார்கள், மதவெறி என்றெல்லாம் யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். கடல் தாண்டிப் போய்வருகிற வாழ்க்கை முடிந்தது. தண்ணிக்கு இருந்த சாமிக்குத் தண்ணி இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கத்துத் திருத்தக்காரர்களும் வந்தார்கள். எங்கள் பக்கம், மரத்தடிக் கல்லும் முனியும் கௌரவக் குறைச்சல் என்று பட்டது. சிமெந்துக் கோபுரம், குருக்கள், கும்பாபிசேகம். மாடம் இருந்த இடம் இப்போது கோயில் மதிலுக்குள் போய்விட்டது. அந்தப் பக்கம், கபுறு வணக்கம் மார்க்கத்துக்கு விரோதம் என்று தௌஹீதுக்காரர்கள் பிரசங்கம் செய்தார்கள். கந்தூரியும் கொடியும் பாத்தியாவும் பசார்ப் பள்ளியில் மெல்ல மெல்லக் குறைந்தன. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் கலந்து கிடந்ததைப் பிரித்து அடுக்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் ஒரே மனசு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, நூல் ஓதிக் கட்ட முஸ்லிம் வீட்டுக்குப் போகவே எங்கள் பெண்கள் சில மாதம் தயங்கினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் போனார்கள்.

தீவுக்குள்ளேயே இடம் உள்ள பெரியவர்கள் நாகூராரைப் போல மறைந்துவிடவில்லை. கதிர்காமத்தில் ஆடி வேல் விழாத் தொடங்கும்போது அங்கே பள்ளிவாசலிலும் கொடி ஏறுகிறது. பால்குடி பாவா அடங்கிய இடத்தில் எங்கள் பாதயாத்திரைக்காரர்கள் விளக்கேற்றாமல் வருவதில்லை. பலாங்கொடைப் பக்கம் கூரகலையில், முகைதீன் ஆண்டவர் தவம் இருந்ததாகச் சொல்லும் ஜெய்லானிக் குகைக்குத் தோட்டத்துச் சனமும் போய்வந்தது. அந்தக் குகையின் சரித்திரத்தைப் பலாங்கொடை அரசியல்வாதி அபூசாலி புத்தகமாகவே எழுதினார். இப்போது கூரகலை பௌத்த விகாரையாக எழும்பி நிற்கிறது, வழக்கும் வாக்குவாதமும் ஓயவில்லை. எங்கள் நுவரெலியா மாவட்ட எல்லையிலுள்ள சிவனொளிபாத மலை இன்னும் பழைய சாட்சி. 1344இல் இபின் பதூதா அதில் ஏறினார். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் வழித்துணையாக அனுப்பியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். பாவா ஆதம் பாதம் பார்க்கப் போகிறவருக்கு, வருசா வருசம் அதே பாதத்தைப் பார்க்கப் போகிற யோகி வழிகாட்டி. அதற்கு முன்னேற்பாடாக ஒரு சமாதான மாநாடு நடந்ததாக அவர் எழுதவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் நாகூர், கதிர்காமம் என்று பேச்சு எடுத்தால் 'மத நல்லிணக்கம்' என்று மேடை போட்டுவிடுகிறார்கள். நல்லிணக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாயியின் ஆத்தா நல்லிணக்கத்துக்காகக் காசு முடியவில்லை. அது தோணி கவிழக்கூடாது என்பதற்காக முடிந்தது. பசார் நானாவும் ஒற்றுமை வளர்க்கப் பிறை பார்த்துச் சொல்லவில்லை. தன் எசமானுக்கு இன்னும் நூறு பேர் கொடி ஏற்றினால் அவருக்கு அது பெருமை. தேவை இருந்தது, பயம் இருந்தது, அதற்குப் பேர்போன ஒருவர் இருந்தார். இந்தத் தேவையை மறந்துவிட்டு வெறும் ஒற்றுமையை மட்டும் கொண்டாடினால், உழுத்துப்போன கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம், கொடி நிற்காது.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் நாகூர் பஸ்ஸில் போகும் தூரம். கடவுச்சீட்டும் கையில் காசும் உள்ளவர்கள் போய்வரட்டும். போக முடியாதவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் தோட்டத்தில் கொடிக்கம்பம் இருந்த இடம், பிறை சொன்ன கடை, பாட்டி முடிந்துவைத்த துணி, அக்கரையிலிருந்து வந்த நீலக் கடிதம் என்று எது மிஞ்சியிருந்தாலும், தோட்டப் பெயரையும் கணக்கின் பெயரையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி, அருகிலுள்ள பாடசாலை நூலகத்தில் கொடுத்துவையுங்கள். லயங்களை உடைத்துத் தனி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் உடைக்கும்போது பழைய தகரப் பெட்டிகள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன.